கட்டியவரே இடித்த கோட்டை: ஜப்பானிய யாகுசா படங்களின் கதை

யாகுசா படங்கள் ஜப்பானிய சினிமாவில் ஒரு தனிக் குலம். சூதாடிக் கும்பல்கள், சந்தைக் கும்பல்கள், அவற்றின் தலைவர்கள், அந்தத் தலைவர்களுக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்த அடியாட்கள் என்று இவர்களுடைய விசுவாசமும் துரோகமும்தான் அவற்றின் கதைப்பொருள். 1960-களிலும் 70-களிலும் டோயே என்ற ஒரே நிறுவனம் இவ்வகைப் படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்தது. அவற்றை இரண்டு காலங்களாகப் பிரிப்பது வழக்கம். 1963 முதல் 1972 வரை 'நிங்க்யோ' படங்கள்: கிமோனோ உடுத்தி, வாள் ஏந்தி, அநியாயத்தைக் கடைசிவரை பொறுத்து, பிறகு போய்த் தட்டிக்கேட்டுச் சிறைக்குப் போகும் தர்மவான்களின் கதைகள். 1973-லிருந்து 'ஜிட்சுரோகு' படங்கள்: சிறைக் குறிப்புகளையும் பத்திரிகைச் செய்திகளையும் ஆதாரமாகக் கொண்டு, அப்படி ஒரு தர்மமே இல்லை என்று காட்டிய கதைகள்.

இரண்டு காலங்களின் உச்சப் படங்களையும் எழுதியவர் ஒருவரே. அவர் பெயர் கசஹாரா கசுவோ. (ஜப்பானிய வழக்கப்படி இங்கே குடும்பப் பெயர் முதலில் வருகிறது.) தயாரித்த நிறுவனமும் ஒன்றே. இரண்டிலும் வில்லனாக வந்தவர்கூட ஒரே நடிகர். ஒரு சினிமா வகை தன் நம்பிக்கையைத் தானே கட்டி எழுப்பி, அதே கையால் தானே இடித்துப்போட்ட கதை இது.

நாடோடிச் சூதாடிகள்

யாகுசாக்களின் வேர் எடோ காலத்தில் (1603–1868) இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரச் சத்திரங்களில் சூதாட்டம் நடத்திய 'பகுதோ'க்கள் ஒரு கிளை. கோயில் திருவிழாக்களில் கடை போட்ட 'தெகியா' என்ற வியாபாரிகள் இன்னொரு கிளை. இரு தரப்பிலும் தலைவன் தந்தை ஸ்தானம், ஆட்கள் பிள்ளைகள். ஒரே கோப்பையில் சாக்கே மதுவைப் பகிர்ந்து குடித்தால் ரத்த உறவுக்கு மேலான உறவு ஏற்பட்டதாகக் கணக்கு. அரசாங்கத்தை எதிர்த்து மாண்ட குனிசதா சூஜி, ஷிமிசு துறைமுகத்தின் ஜிரோசோ போன்ற நிஜமான கும்பல் தலைவர்கள், கதைசொல்லிகளின் வாயில் ஏழை பங்காளர்களாக மாறினார்கள். ஊமைப்படக் காலத்திலேயே சினிமா அவர்களைப் பிடித்துக்கொண்டது. 1927-ல் இட்டோ டாய்சுகே இயக்கிய 'சூஜியின் பயண நாட்குறிப்பு' மூன்று பாகங்களாக வந்தது. பல பத்தாண்டுகள் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அந்தப் படத்தின் ஒரு பகுதி 1991-ல்தான் கிடைத்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் வந்தபோது வாள்சண்டைப் படங்களுக்குக் கடும் கட்டுப்பாடு விழுந்தது. நிலவுடைமைக் காலத்து விசுவாசத்தை அவை போற்றுகின்றன என்பது காரணம். அந்த இடைவெளியில்தான் சமகால ரவுடியை வைத்து ஒரு படம் வந்தது. 1948-ல் குரோசவா அகிரா எடுத்த 'குடிகார தேவதை'. டோக்கியோவின் இடிபாடுகளுக்கு நடுவே சாக்கடை தேங்கிய ஒரு குட்டை. அதன் கரையில் ஒரு குடிகார டாக்டர். அவரிடம் காசநோயோடு வரும் இளம் கும்பல்காரன் மட்சுனாகா. மிஃபுனே தொஷிரோ நடித்த அந்தப் பாத்திரம், தன் தலைவன் தன்னைக் கைவிடமாட்டான் என்று கடைசிவரை நம்புகிறது. தலைவனோ அவனைக் காய்ச்சிய பாலில் விழுந்த ஈயாகத் தூக்கிப் போடுகிறான். கொட்டிக் கிடக்கும் பெயின்டில் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி வழுக்கி, மட்சுனாகா சாகும் காட்சியில் வீரம் என்று எதுவுமே இல்லை. 25 ஆண்டுகள் கழித்து ஜிட்சுரோகு படங்கள் சொல்லப்போவதன் விதை இங்கேயே இருக்கிறது. ஆனால் ஜப்பானிய சினிமா உடனே அந்த வழியில் போகவில்லை. முதலில் எதிர்த்திசையில் ஒரு நீண்ட சுற்று சுற்றி வந்தது.

டிவி பறித்த கூட்டம்

1958-ல் ஜப்பானியத் தியேட்டர்களில் 112 கோடிக்கு மேல் டிக்கெட் விற்றது. அடுத்த ஐந்தே ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே போனது. பெண்களும் குழந்தைகளும் வீட்டு டிவி முன் உட்கார்ந்துவிட்டார்கள். 1951-ல் தொடங்கிய டோயே, கியோட்டோவின் உசுமாசா ஸ்டுடியோவில் எடுத்த சாமுராய்ப் படங்களால்தான் வளர்ந்த நிறுவனம். அந்தக் கதைகள் டிவியில் இலவசமாகவே கிடைக்கத் தொடங்கியபோது, தியேட்டருக்கு இன்னும் யார் வருகிறார்கள் என்று அது பார்த்தது. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வேலை தேடி வந்த இளைஞர்கள், கட்டடத் தொழிலாளிகள், இரவு வேலை பார்ப்பவர்கள், கல்லூரி மாணவர்கள். அந்த ஆண்களுக்காக ஒரு படம் தேவைப்பட்டது.

1963 மார்ச்சில் அது வந்தது. ஒசாகி ஷிரோவின் பிரபல நாவலிலிருந்து ஒரு கிளைக்கதையை மட்டும் எடுத்து, சவாஷிமா தடாஷி இயக்கிய 'ஜின்செய் கெகிஜோ: ஹிஷாககு'. ட்சுருதா கோஜி ஹிஷாககுவாக, தகாகுரா கென் அவனை மதிக்கும் இளையவனாக. இருவருக்கும் நடுவே, நிலைமை அறியாமல் இருவராலும் நேசிக்கப்படும் ஒரு பெண். படம் நன்றாக ஓடியது. இந்தப் புதிய வகையைக் கட்டி வளர்த்தவர் தயாரிப்பாளர் ஷுன்டோ கோஜி. இளமையில் சூதாட்டக் கூடங்களோடு நேரடிப் பழக்கம் உள்ளவர். பகடையை எப்படிப் பிடிப்பது, சீட்டை எப்படிப் பிரிப்பது என்று நடிகர்களுக்குக் கற்றுக்கொடுக்க நிஜமான சூதாடிகளையே படப்பிடிப்புக்கு அவர் வரவழைத்தார்.

போலீஸ் கணக்குப்படி ஜப்பானில் யாகுசா எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டதும் அதே 1963-ல்தான்: சுமார் 1,84,000 பேர். அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக். அதையொட்டிக் கும்பல் தலைவர்கள்மேல் நாடு தழுவிய நடவடிக்கை தொடங்கியது. வெளியே போலீஸ் அவர்களைச் சமூக விரோதிகள் என்று வேட்டையாடிக்கொண்டிருந்தது. உள்ளே வெள்ளித்திரையில் அவர்கள் பழைய ஜப்பானின் கடைசி யோக்கியர்களாக நடந்தார்கள்.

பொறுமை, மேலும் பொறுமை, பிறகு வாள்

நிங்க்யோ படங்களின் கதை ஏறக்குறைய ஒன்றே. காலம் மெய்ஜி ஆட்சியின் பிற்பகுதியிலிருந்து 1930-கள் வரை எங்கோ ஓரிடம். ஒரு ஊரில் மரம் சுமப்பவர்கள், படகுக்காரர்கள், சந்தை வியாபாரிகள் ஆகியோரைக் காத்துவரும் ஒரு பழைய கும்பல். கோட்டும் தொப்பியும் போட்டு, அரசியல்வாதியின் ஆதரவோடு அந்தத் தொழிலைப் பறிக்க வரும் ஒரு புதிய கும்பல். நாயகன் சிறையிலிருந்து திரும்புகிறான். எதிரி அவமானப்படுத்துகிறான். தலைவர் "பொறு" என்கிறார். இளையவன் ஒருவன் கொல்லப்படுகிறான். அப்போதும் பொறு. கடைசியில் தலைவரே கொல்லப்படுகிறார். இனிப் பொறுப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

'கிரி' என்பது கடமை. 'நிஞ்ஜோ' என்பது மனித உணர்வு. இந்த இரண்டுக்கும் நடுவே நாயகன் நசுங்குவதுதான் இந்தப் படங்களின் உயிர். எல்லோருக்கும் முடிவு தெரியும்; அந்த முடிவுக்கு எவ்வளவு மெதுவாக, எவ்வளவு வலியோடு போகிறார்கள் என்பதில்தான் சுவை. தகாகுரா கென் இதில் மன்னன். அவர் அதிகம் பேசுவதில்லை. தாடை இறுகும், கண் தாழும், அவ்வளவுதான். ஆனால் தியேட்டரில் இருப்பவர்களுக்கு அந்த ஆள் உள்ளுக்குள் எதை விழுங்குகிறான் என்பது தெரியும்.

'ஷோவா சங்க்யோடன்' வரிசையில் (1965–72, ஒன்பது படங்கள்) கடைசி இருபது நிமிடங்கள் ஒரு சடங்கு மாதிரியே நடக்கும். நாயகன் தன்னந்தனியே இரவில் கிளம்புகிறான். தெருமுனையில் இன்னொருவன் காத்திருக்கிறான்: இகேபே ரியோ. இரண்டு வார்த்தை பேசி, அவனும் கூடச் சேர்ந்துகொள்கிறான். இருவரும் வெறிச்சோடிய தெருவில் பக்கம் பக்கமாக நடக்க, தகாகுரா சொந்தக் குரலில் பாடிய 'கராஜிஷி போட்டான்' பாட்டு பின்னணியில் எழும். எதிரி வீட்டில் கிமோனோ கிழிந்து விழும்போது முதுகு முழுக்கச் சிங்கமும் பியோனி மலரும் பச்சை குத்தியிருப்பது தெரியும். இகேபே சாவார். தகாகுரா சிறைக்குப் போவார். டோக்கியோ ஷின்ஜுகுவின் விடிய விடிய ஓடிய காட்சிகளில் ரசிகர்கள் திரையைப் பார்த்து "கென்-சான்!" என்று கத்திய இடம் இதுதான்.

சடங்குகள் இன்னும் பல. ஒரு வீட்டு வாசலில் அந்நியனாக வந்து நிற்பவன் இடுப்பை வளைத்து, முழங்கால் மடக்கி, வலது உள்ளங்கையை முன்னே நீட்டி, பிறந்த ஊர், தன் தலைவர், தன் பெயர் என்று வரிசை தவறாமல் ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் பிசகினால் அவமானம். சூதாட்டக் கூடத்தில் பாயின் மேல் வெள்ளைத் துணி விரித்து, இரு பக்கமும் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் உட்காருபவன் இடுப்புக்கு மேல் வெற்றுடம்பு; எதையும் ஒளித்து வைக்கவில்லை என்பதற்கு அது அத்தாட்சி. சிறு குவளையில் இரண்டு பகடை விழுந்து, குவளை 'டக்' என்று கவிழ்க்கப்படும். கூட்டினால் இரட்டைப்படையா, ஒற்றைப்படையா? பணம் இரு பக்கமும் சமமாகும்வரை யாரும் குவளையைத் தொடமாட்டார்கள். இந்த நுணுக்கங்களைப் படங்கள் அவசரமின்றிக் காட்டின. கதை எவ்வளவு கற்பனையானாலும் கை அசைவுகள் நிஜமானவை. அதனால்தான் கதையையும் நம்ப முடிந்தது.

வரிசைப் படங்கள் குவிந்தன. மகினோ மசாஹிரோ தொடங்கிவைத்த 'நிஹோன் க்யோகாகுடன்' 1964-லிருந்து 1971 வரை 11 படங்கள். இஷீ டெருவோ 1965-ல் எடுத்த 'அபாஷிரி சிறை' பெரிதாக எதிர்பார்க்கப்படாமல் கறுப்பு வெள்ளையில் வந்தது. ஹொக்கைடோ பனிவெளியில் கைவிலங்கால் பிணைக்கப்பட்டுத் தப்பி ஓடும் இரண்டு கைதிகளின் கதை. அது 18 படங்களாக நீண்டு, தகாகுராவை நாடறிந்த நட்சத்திரமாக்கியது. டோயேக்கு வெளியே டாயே நிறுவனத்தில் காட்சு ஷின்டாரோ நடித்த பார்வையற்ற சூதாடி 'ஜடோய்ச்சி' 1962-லிருந்தே கலக்கிக்கொண்டிருந்தான். அது தனியே எழுதப்பட வேண்டிய கதை.

சிவப்புப் பியோனி

ஆண்களின் இந்த உலகத்தில் ஒரு பெண் தலைநிமிர்ந்து நடந்தாள். 1968 முதல் 1972 வரை எட்டுப் படங்களாக வந்த 'ஹிபோட்டான் பகுதோ' வரிசையின் ஓர்யூ. நடித்தவர் ஷுன்டோவின் மகள் ஃபுஜி ஜுன்கோ. தந்தை கொல்லப்பட, அவருடைய கும்பலை மீட்க நாடோடிச் சூதாடியாகும் பெண். தோளில் சிவப்புப் பியோனி பச்சை. அவள் ஆண்களைவிடக் கண்ணியமானவள். ஆனால் தான் பெண் என்பதை மறந்துவிட்டதாக ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மற்றப் படங்களில் பெண்கள் பெரும்பாலும் காத்திருப்பதற்கும் அழுவதற்கும் மட்டுமே இருந்ததைப் பார்த்தால், ஓர்யூ எவ்வளவு பெரிய விதிவிலக்கு என்பது விளங்கும்.

இந்த வரிசையில் காட்டோ டாய் இயக்கிய படங்கள் தனி உயரம். தரையைத் தோண்டிக் குழிக்குள் கேமராவை வைத்து, மனிதர்களைப் பாதத்தின் மட்டத்திலிருந்து பார்ப்பது அவர் பாணி. 1970-ல் வந்த 'ஓர்யூ சஞ்ஜோ'வில் பனி கொட்டும் ஒரு பாலம். ஊரைவிட்டுப் போகும் ஒருவனை வழியனுப்ப ஓர்யூ வருகிறாள். சுகாவாரா புன்டா நடித்த அந்த ஆளின் கையில் கொடுக்கும் ஆரஞ்சுப் பழங்களில் ஒன்று நழுவி வெண்பனியில் உருளுகிறது. இருவரும் காதலைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஜப்பானிய சினிமாவின் மிக அழகான காதல் காட்சிகளில் ஒன்று ஒரு ரவுடிப் படத்தில் இருக்கிறது என்பதைப் படித்த விமர்சகர்கள் ஒப்புக்கொள்ளவே சில காலம் பிடித்தது.

முதலில் ஒப்புக்கொண்டவர்கள் மாணவர்கள். பல்கலைக்கழகங்களில் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த 1968-ல், டோக்கியோ பல்கலைக்கழகக் கோமாபா விழாவுக்கு ஹஷிமோட்டோ ஒசாமு என்ற மாணவர் (பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளர்) வரைந்த சுவரொட்டியில், முதுகில் கிங்கோ இலையைப் பச்சை குத்திய ஒரு யாகுசா நின்றான். கிங்கோ இலை அந்தப் பல்கலைக்கழகத்தின் சின்னம். தோல்வி நிச்சயம் என்று தெரிந்தும் சேர்ந்து நடந்து போகும் தகாகுரா, இகேபே இருவரில், கலவரப் போலீசுக்கு எதிரே நின்ற இடதுசாரி மாணவர்கள் தங்களைக் கண்டார்கள். வலதுசாரி எழுத்தாளர் மிஷிமா யுகியோவும் அதே படங்களில் உருகினார். 1970 நவம்பரில் அவர் தற்கொலை செய்துகொள்ளப் போன நாளில், காரில் தன் ஆட்களோடு யாகுசா படப் பாட்டைப் பாடிக்கொண்டே போனார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. இரண்டு எதிர்முகாம்களும் ஒரே நாயகனை வணங்கின. அவன் எதற்காகச் சாகிறான் என்பதைவிட, சாகத் தயங்கவில்லை என்பதே இருவருக்கும் பெரிதாக இருந்தது. இந்த வகையின் கவர்ச்சியும் ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றன.

தர்மம் தோற்கும் இடம்

மிஷிமா 1969-ல் ஒரு சினிமாப் பத்திரிகையில் ஒரு டோயே படத்தைக் கிரேக்கத் துன்பியலோடு ஒப்பிட்டு எழுதியபோது அறிவுலகம் திடுக்கிட்டது. அந்தப் படம் 'பகுச்சியுச்சி: சோசோ டொபாகு'. யமஷிதா கோசாகு இயக்கம், கசஹாரா கசுவோ திரைக்கதை, வெளியான ஆண்டு 1968.

கதை நடப்பது 1934-ல். டென்ர்யூ கும்பலின் தலைவர் படுக்கையில் விழுகிறார். அடுத்த தலைவராக எல்லோரும் நகாயின் பெயரைச் சொல்கிறார்கள். ட்சுருதா கோஜி நடித்த நகாய், தான் வேறு கும்பலிலிருந்து வந்தவன் என்று மறுத்து, சிறையிலிருக்கும் தன் உடன்பிறவாச் சகோதரன் மட்சுதாவே உரியவன் என்கிறான். ஆனால் பெரியவர் சென்பா என்பவர் இளையவனான இஷிதோவைத் தலைவனாக்குகிறார். சிறையிலிருந்து திரும்பும் மட்சுதாவுக்கு (வகாயாமா தொமிசாபுரோ) இது முறைகேடு. அவன் சொல்வது நியாயம். ஆனால் சபையில் முடிவானதை ஏற்பதும் முறைதான். நகாய் இரண்டையும் காப்பாற்றப் பார்க்கிறான். ஒவ்வொருவரும் நெறியிலிருந்து இம்மியும் பிசகாமல் நடக்க, ஒவ்வொரு சரியான செயலும் ஒரு பிணத்தில் போய் முடிகிறது. நகாயின் மனைவி தற்கொலை செய்துகொள்கிறாள். நகாய் தன் சகோதரனையே கொல்ல வேண்டி வருகிறது.

பின்னால் இருந்து எல்லாவற்றையும் ஆட்டிவைத்தவர் சென்பா; கும்பலைத் தீவிர வலதுசாரி அமைப்பு ஒன்றோடு சேர்த்துப் பிழைக்க நினைத்தவர். கடைசியில் நகாய் அவரெதிரே கத்தியோடு நிற்கும்போது, மூத்தவர் மேல் கை வைப்பது நிங்க்யோ நெறியா என்று கேட்கிறார். அப்படி ஒன்று தனக்குத் தெரியாது, தான் வெறும் கொலைகாரன் என்று நகாய் பதில் சொல்கிறான். ஐந்தாண்டு கட்டிய கோட்டையின் அடிக்கல்லைக் கசஹாரா அந்த ஒரே பதிலில் உருவிவிட்டார். நெறி கெட்டவர்களால் நெறி அழியவில்லை. அதை முழுமனதோடு நம்பியவர்களாலேயே அது தாங்க முடியாததாகிவிட்டது. நிங்க்யோ வகையின் மிகச் சிறந்த படம் எது என்றால் இதுதான். அந்த வகை இதற்குமேல் போக வழியில்லை என்று சொன்ன படமும் இதுதான்.

சென்பாவாக நடித்தவர் கனேகோ நொபுவோ. அந்த முகம் திரும்ப வரும்.

இதே ஆண்டுகளில் பிற நிறுவனங்களிலும் சில துணிச்சலான முயற்சிகள் நடந்தன. ஷோசிகுவில் ஷினோதா மசாஹிரோ எடுத்த 'வாடிய மலர்' (1964), சிறையிலிருந்து வந்த ஒரு கொலைகாரனுக்கும் சூதாட்டப் போதையில் வாழும் ஒரு இளம்பெண்ணுக்கும் நடுவே உள்ள வெறுமையைக் கறுப்பு வெள்ளையில் காட்டியது. நிக்காட்சுவில் சுசுகி செய்ஜுன் 'டோக்கியோ நாகரேமோனோ'வில் (1966) வெளிர்நீலக் கோட்டுப் போட்ட நாயகனை மேடை நாடகம் போன்ற வெள்ளை அரங்கத்தில் சண்டைபோட வைத்தார். அடுத்த ஆண்டு 'கொல்வதற்கென்றே முத்திரை' படத்தில், சோறு வேகும் வாசனைக்கு மயங்கும் ஒரு கொலையாளியை வைத்துக் கதையையே சிதறடித்தார். புரியாத படம் எடுக்கிறார் என்று நிக்காட்சுவின் தலைவர் 1968-ல் அவரை வேலையை விட்டு அனுப்பினார். சுசுகி வழக்குப் போட்டார், மாணவர்களும் சினிமாக் கழகங்களும் தெருவில் இறங்கின, 1971-ல் சமரசம். ஆனாலும் 1977 வரை அவருக்கு ஒரு சினிமா வாய்ப்பும் கிடைக்கவில்லை. அந்தப் பத்தாண்டு இழப்பு ஜப்பானிய சினிமாவுக்கு நேர்ந்த நஷ்டம்.

குரேயின் கள்ளச்சந்தை

1972-ல் ஃபுஜி ஜுன்கோ கபுக்கி நடிகர் ஒருவரை மணந்து நடிப்பிலிருந்து விலகினார். தகாகுராவின் வரிசைப் படங்களும் அந்த ஆண்டோடு நின்றன. கூட்டம் சலித்திருந்தது. மாணவர் போராட்டம் தோற்று, 1972 பிப்ரவரியில் தீவிர இடதுசாரிகள் போலீசோடு மோதிய அசாமா மலைவீடு முற்றுகையும் நடந்து, அவர்கள் சொந்தத் தோழர்களையே கொன்ற கதையும் வெளிவந்தபின், தியாகத்தின் அழகை யாரும் பழையபடி நம்பத் தயாராக இல்லை. டோயேயின் புதிய தலைவர் ஒகாடா ஷிகேரு வேறு சரக்கு தேடினார்.

அது ஒரு வாரப் பத்திரிகையில் கிடைத்தது. ஹிரோஷிமா மாவட்டக் கும்பல் போர்களில் நேரடியாக ஈடுபட்டவர் மினோ கோசோ. சிறையில் இருந்தபடி அவர் எழுதிய குறிப்புகளை வைத்து ஈபோஷி கோய்ச்சி என்ற பத்திரிகையாளர் 'ஷூகான் சங்கெய்' இதழில் தொடர் எழுதிவந்தார். கசஹாரா மினோவைப் பார்க்க குரே துறைமுக நகருக்குப் போனபோது, சினிமாவா, வேண்டவே வேண்டாம் என்று மினோ மறுத்துவிட்டார். வழியனுப்பும்போது பேச்சு போருக்குத் திரும்பியது. இருவரும் ஒட்டகே கடற்படை முகாமில் இருந்தவர்கள் என்று அப்போதுதான் தெரியவந்தது. திரும்ப வீட்டுக்கே அழைத்துப்போய் மினோ பேசத் தொடங்கினார். ஒரே சீருடையில் ஒரே தோல்வியைப் பார்த்த இரண்டு பேரின் நம்பிக்கையில் பிறந்த திரைக்கதை அது.

'ஜிங்கி நகி டடகாய்', அதாவது நெறியற்ற போர், 1973 ஜனவரி 13 அன்று வெளியானது. இயக்கம் ஃபுகாசாகு கின்ஜி. முதல் பிம்பம் ஹிரோஷிமாவின் அணுகுண்டுப் புகை. அடுத்தது 1946-ன் குரே கள்ளச்சந்தை: பசி, புழுதி, பெண்ணைத் துரத்தும் அமெரிக்கச் சிப்பாய்கள், அரிசிக்காகக் கைகலப்பு. சுகாவாரா புன்டா நடித்த ஹிரோனோ ஷோசோ போரிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவன். நண்பனுக்காக ஒருவனைக் கொன்று சிறைக்குப் போகிறான்; வெளியே வந்து யமாமோரி என்பவரைத் தலைவராக ஏற்கிறான்.

யமாமோரி: கனேகோ நொபுவோ. 1968-ல் கத்தியால் குத்தப்பட்டு விழுந்த அதே முகம் இப்போது தலைவரின் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தலைவர் அழுவார். தன் எதிரியைக் கொல்ல ஆள் தேவைப்பட்டால் மனைவியோடு சேர்ந்து கண்ணீர் விடுவார். ஹிரோனோ ஒப்புக்கொண்டதும் சொத்தெல்லாம் உனக்குத்தான் என்பார். காரியம் முடிந்தால் காசைக் கண்ணில் காட்டமாட்டார். அடியாட்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு சாகிறார்கள். ஐந்து படங்களிலும் யமாமோரி மட்டும் சாகவில்லை.

பழைய சடங்குகள் அனைத்தும் இங்கே தலைகீழாகத் திரும்ப வருகின்றன. ஹிரோனோ மன்னிப்புக்காக விரலை வெட்ட வேண்டும். எப்படி வெட்டுவது என்று அங்கிருக்கும் ஆண்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. தலைவரின் மனைவி சொல்லித்தர வேண்டியிருக்கிறது. வெட்டிய விரல் துள்ளித் தோட்டத்தில் விழுகிறது. நிங்க்யோ படத்தில் வெள்ளைத் துணியில் பயபக்தியோடு மடித்துக் கொடுக்கப்பட்ட அதே விரலை, இங்கே மொத்தக் கும்பலும் மண்டியிட்டுக் கோழிகளுக்கு நடுவே தேடுகிறது.

ஃபுகாசாகு 1930-ல் மிதோவில் பிறந்தவர். 15 வயதில் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது எதிரிக் கப்பல்களின் குண்டுவீச்சில் உடனிருந்தவர்கள் மாண்டனர். உயிர்தப்பிய சிறுவர்கள் சிதறிய உடல்களைப் பொறுக்க வேண்டியிருந்தது. பெரியவர்கள் சொன்ன எதையும் அதன்பிறகு நம்ப முடியவில்லை என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். அந்த அவநம்பிக்கைதான் அவர் கேமராவின் ஆட்டம். கையில் தூக்கிய கேமரா ஓடுகிறது, சாய்கிறது, கூட்டத்துக்குள் இடிபடுகிறது. சண்டையில் யாருக்கும் திறமை இல்லை. துப்பாக்கி பிடித்த கை நடுங்குகிறது. குண்டு பட்டவன் உடனே சாவதும் இல்லை, கத்திக்கொண்டே தவழ்கிறான். உயிர் போகும் நொடியில் படம் உறைந்து நிற்க, அவன் பெயரும் செத்த தேதியும் எழுத்தில் வருகின்றன. ட்சுஷிமா தொஷியாகியின் எக்காள இசை அலறுகிறது. செய்திக் குரல் அடுத்த கொலைக்கு நகர்கிறது.

முதல் படத்தின் முடிவில், கொல்லப்பட்ட நண்பனின் இறுதிச் சடங்கு. அவனைக் கொல்லவைத்தவர்களே அனுப்பிய மலர்கள் அவன் புகைப்படத்துக்கு முன்னே அடுக்கப்பட்டிருக்கின்றன. ஹிரோனோ துப்பாக்கியை எடுத்து அந்தப் படையலைச் சுட்டுத் தள்ளுகிறான். யமாமோரி மிரட்டுகிறார். இன்னும் குண்டு மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஹிரோனோ நடந்து போகிறான். அவரைச் சுடவில்லை. நிங்க்யோ படமாக இருந்தால் அந்தக் குண்டு எங்கே போயிருக்கும் என்று தியேட்டரில் எல்லோருக்கும் தெரியும். அது போகாததால்தான் இந்தக் காட்சி நெஞ்சில் இப்படித் தைக்கிறது.

படம் பெருவெற்றி. 1974 ஜூனுக்குள் ஐந்து பாகங்கள் வந்துவிட்டன. முதல் நான்கையும் எழுதியவர் கசஹாரா. அவற்றில் இரண்டாவதான 'ஹிரோஷிமா மரணப் போட்டி' தனித்து நிற்பது. தற்கொலைப்படையில் சேரப் பிந்திவிட்டோமே என்று ஏங்கும் ஒரு இளைஞன் (கிடாஒஜி கின்யா), சாவதற்கு ஒரு காரணத்தைக் கும்பலில் தேடி, தலைவனால் ஏமாற்றப்பட்டு, கடைசியில் தன்னையே சுட்டுக்கொள்கிறான். அவன் சவ ஊர்வலத்தில் தலைவர்கள் அவனை ஆண்பிள்ளை என்று புகழ்கிறார்கள். போர்க்கால ஜப்பான் தன் இளைஞர்களுக்குச் செய்ததை இவ்வளவு கசப்போடு சொன்ன படங்கள் மிகக் குறைவு.

திரையும் தெருவும்

யாகுசா படங்கள் யாகுசாக்களைவிட்டு விலகி நின்றன என்று யாரும் சொல்ல முடியாது. டோக்கியோவின் ஷிபுயாவில் சொந்தக் கும்பல் நடத்திய ஆன்டோ நொபோரு, 1964-ல் அதைக் கலைத்துவிட்டு அடுத்த ஆண்டே நடிகரானார். முகத்தில் இருந்த வெட்டுத் தழும்பு ஒப்பனையில்லாதது. 1973-ல் டோயே எடுத்த 'யமகுச்சி-குமி சந்தாய்மே', நாட்டின் மிகப் பெரிய கும்பலின் அன்றைய தலைவர் தஒகா கசுவோவின் வாழ்க்கைக் கதை. உயிரோடு இருந்தவரின் வேடத்தில் தகாகுரா கென். போலீஸ் கடுமையாக எதிர்த்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கும் போதைமருந்து விற்பவர்களுக்கும் நிங்க்யோ படங்கள் ஒரு அழகிய முகமூடியைத் தைத்துக் கொடுத்தன என்பது மறுக்க முடியாத உண்மை. அந்த முகமூடியைக் கிழித்ததும் அதே டோயே என்பதால்தான் இந்த வரலாறு வெறும் விளம்பரமாக முடியவில்லை.

கிழித்ததன் எல்லை 1975-ல் வந்த ஃபுகாசாகுவின் 'ஜிங்கி நோ ஹகாபா'. வடாரி டெட்சுயா நடித்த இஷிகாவா ரிகியோ நிஜ மனிதன். தன் தலைவனையே தாக்கியவன், 1956-ல் சிறைக் கூரையிலிருந்து குதித்துச் செத்தவன். படத்தில் அவனிடம் மீட்புக்கு ஒரு இழையும் இல்லை. தான் சீரழித்த மனைவி தற்கொலை செய்துகொண்டபின், அவள் எலும்புத் துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டே பழைய தலைவனிடம் பணம் கேட்டு உட்கார்ந்திருக்கிறான். அந்தக் காட்சியைப் பார்த்தபிறகு யாகுசா வாழ்க்கைமேல் யாருக்கும் ஆசை வராது.

1976-ல் தகாகுரா டோயேயை விட்டு விலகினார். மறு ஆண்டு யமடா யோஜியின் 'மஞ்சள் கைக்குட்டை'யில் சிறையிலிருந்து வீடு திரும்பும் சுரங்கத் தொழிலாளியாக நடித்து நாட்டையே அழவைத்தார். பழைய படங்களில் அவர் போகும் சிறையிலிருந்து திரும்பிவந்தவன்போலவே அந்தப் பாத்திரம் இருந்தது தற்செயல் அல்ல. வெளிநாட்டிலும் வாசல் திறந்திருந்தது. 1974-ல் அமெரிக்கத் திரைக்கதையாளர் பால் ஷ்ரேடர் இந்த வகையைப் பற்றி ஒரு நீண்ட அறிமுகக் கட்டுரை எழுதினார். அவர் பங்கேற்று எழுதிய 'தி யாகுசா'வில் ராபர்ட் மிச்சமும் தகாகுராவும் சேர்ந்து நடித்தார்கள்.

பின்னர் இந்த வகை வீடியோ கடைகளுக்கு இறங்கியது. 1986-ல் கோஷா ஹிதேவோ தொடங்கிய 'யாகுசா மனைவிகள்' வரிசை, இவாஷிட்டா ஷிமாவின் தோரணையால் சிலகாலம் தியேட்டர்களை நிரப்பியது. 1992-ல் கும்பல் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. அதே ஆண்டு இட்டாமி ஜூசோ, சாதாரண மக்கள் யாகுசாக்களை எதிர்த்து நிற்பதை 'மின்போ' என்ற படமாக எடுத்தார். படம் வெளியான சில நாட்களில் கும்பல்காரர்கள் அவர் முகத்தைக் கத்தியால் கிழித்தார்கள். கிடானோ டகேஷி 'சொனாட்டினே'யில் (1993) ஒகினாவா கடற்கரையில் சாவுக்காகக் காத்திருந்து குழந்தைகளைப்போல் விளையாடும் கும்பல்காரர்களைக் காட்டினார். அவை வேறொரு காலத்தின் படங்கள். வீரத்தைக் கட்டவும் வேண்டியதில்லை, இடிக்கவும் வேண்டியதில்லை என்ற நிலையிலிருந்து தொடங்கியவை.

கசஹாரா 2002 டிசம்பரிலும், ஃபுகாசாகு 2003 ஜனவரியிலும் இறந்தார்கள். தகாகுரா கென்னும் சுகாவாரா புன்டாவும் 2014 நவம்பரில், 18 நாள் இடைவெளியில் மறைந்தார்கள். யாகுசா எண்ணிக்கை 2023-ல் சுமார் 20,000-ஆகக் குறைந்திருந்தது. டோயே 2018-ல் மறுபடி குரேக்குப் போய் 'கோரோ நோ சி' என்ற படத்தை எடுத்தது. ஷிராய்ஷி கசுயா இயக்கிய அந்தப் படம் 1988-ன் ஹிரோஷிமா மாவட்டத்தில், கும்பல்களோடு கைகோத்து நடக்கும் ஒரு போலீஸ்காரரைப் பற்றியது. மூலநாவலை எழுதிய யூசுகி யூகோ என்ற பெண் எழுத்தாளர், 'ஜிங்கி நகி டடகாய்' பார்த்திராவிட்டால் தான் அதை எழுதியிருக்கவே முடியாது என்ற பொருளில் பேசியிருக்கிறார். 2021-ல் அதன் தொடர்ச்சியும் வந்தது.